படத்தைச் சுருக்கியது கோப்பா, சிப்பா?

பிரிட்டனில் 1982 ஏப்ரலில் அறிமுகமான சின்கிளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வீட்டுக்கணினியின் திரையில் அகலவாக்கில் 256, உயரவாக்கில் 192 என்று மொத்தம் 49,152 பிக்சல்கள். அது காட்டக்கூடிய நிறங்கள் 15. ஒவ்வொரு பிக்சலும் என்ன நிறம் என்று தனித்தனியே குறித்து வைக்க நான்கு பிட் வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டால் ஒரு முழுத்திரைப் படத்துக்கு 24,576 பைட் ஆகிறது. அந்தக் கணினியின் விலை குறைந்த மாதிரியில் இருந்த மொத்த நினைவகமே 16,384 பைட்தான். படம் கணினிக்குள்ளேயே அடங்காது. ஆனால் அந்தக் காலத்து ஸ்பெக்ட்ரம் திரைக்கோப்பு எதை எடுத்துப் பார்த்தாலும் அதன் அளவு 6,912 பைட். வெறுந்திரையானாலும், மூலைமுடுக்கெல்லாம் நுணுக்கமாக வரைந்த படமானாலும் அதே 6,912. அந்தக் கோப்பில் எந்தச் சுருக்க வழிமுறையும் கிடையாது. நினைவகத்தில் திரைக்கென்று ஒதுக்கிய பகுதியை அப்படியே கேசட்டில் பதிந்ததுதான் அது. அப்படியானால் மூன்றரை மடங்கு சுருங்கியது எங்கே?

வீட்டுக்கணினிகளின் படக்கோப்பு வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வழிமுறைகளின் பெயர்களை வரிசைப்படுத்துகிறார்கள்: முதலில் ஒரே பைட் திரும்பத் திரும்ப வந்தால் எண்ணிக்கையாக மாற்றும் எளிய முறை, பிறகு மேகின்டாஷின் பேக்பிட்ஸ், பிறகு ஜிஃப் கோப்புக்குள் இருக்கும் எல்இசட்டபிள்யூ, கடைசியில் ஜேபெக். இந்த வரிசையில் பிழை இல்லை. ஆனால் பெரிய வேலையைச் செய்தவர் பெயரை விட்டுவிட்டு உதவியாளர் பெயரை மட்டும் பதிவு செய்ததைப் போல இருக்கிறது. அந்தக் காலத்துப் படங்கள் சிறியதாக இருந்ததற்கு முதற்காரணம் திரைக்குப் படத்தை அனுப்பிய சிப்பின் அமைப்பு. இழப்புடன் கூடிய சுருக்கம் என்று இன்று ஜேபெக்கைப் பற்றிச் சொல்வது எதுவோ, அது அன்றைக்கு வன்பொருளிலேயே நடந்துவிட்டது. கோப்பு வடிவங்கள் செய்ததெல்லாம் மிச்சம் மீதியைப் பொறுக்கியதுதான். இதை நிறுவுவதற்கு அந்தக் கோப்புகளின் பைட் கணக்கே போதும்.

ஸ்பெக்ட்ரமின் 6,912 பைட்டைப் பிரித்தால் 6,144, 768 என்று இரண்டு துண்டுகள் கிடைக்கும். முதல் துண்டில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரே ஒரு பிட்: புள்ளி இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும். இரண்டாவது துண்டில்தான் நிறம். திரையை 8க்கு 8 பிக்சல் கொண்ட கட்டங்களாகப் பிரித்தால் 32க்கு 24 என்று 768 கட்டங்கள் வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பைட். அந்தப் பைட்டில் மூன்று பிட் மையின் நிறம், மூன்று பிட் தாளின் நிறம், ஒன்று இரண்டையும் சேர்த்துப் பளிச்சென்று ஆக்க, ஒன்று இரண்டையும் மாற்றி மாற்றி மினுக்க. வரைகிறவரிடம் ஒரு கட்டத்துக்கு இரண்டே வண்ணப் பென்சிலைக் கொடுத்து, கட்டம் தாண்டினால் வேறு இரண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்வதைப் போன்ற ஏற்பாடு. 64 பிக்சலுக்கு 9 பைட், அதாவது பிக்சலுக்கு ஒன்றே கால் பிட்கூட இல்லை. இதற்குக் கொடுத்த விலை ஊரறிந்தது. மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் பச்சை மரத்தின் பக்கம் நடந்துபோனால், அவன் கால்வைத்த கட்டத்தில் மரமும் மஞ்சளாகும். நிறமோதல் என்று பழிக்கப்பட்ட இந்தக் குறையைச் சமாளிக்கவே 1984இல் வந்த ‘நைட் லோர்’ போன்ற விளையாட்டுகள் ஓர் அறை முழுவதையும் ஒரே நிறத்தில் வரைந்து தப்பித்தன.

குறை என்று சொல்லிவிட்டாலும், படம் பார்க்கும்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் நம் கண். உருவங்களின் விளிம்பை, வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பிரித்தறிகிற கண்ணுக்கு நிறம் எந்த இடத்தில் மாறுகிறது என்பதில் அவ்வளவு கூர்மை இல்லை. வண்ணத் தொலைக்காட்சி முழுவதும் இந்தப் பலவீனத்தின் மேல் எழுப்பப்பட்டதுதான். பிரிட்டனின் ‘பால்’ என்ற ஒளிபரப்பு முறையில் வெளிச்சத் தகவலுக்கு 5.5 மெகாஹெர்ட்ஸ் இடம் இருந்தது; நிறத் தகவலுக்குக் கிடைத்தது ஒன்றரை மெகாஹெர்ட்ஸுக்கும் குறைவு. வீட்டுக்கணினிகள் அதே தொலைக்காட்சிப் பெட்டியின் ஏரியல் துளையில்தான் செருகப்பட்டன. பிக்சலுக்குப் பிக்சல் நிறம் மாற்றியிருந்தாலும் அந்தப் பெட்டி அதைச் சுத்தமாகக் காட்டியிருக்காது. 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக், பெரும்பாலான ஒளிப்படங்களில் நிறத் தகவலை அகலத்தில் பாதியாகவும் உயரத்தில் பாதியாகவும் குறைத்துச் சேமிப்பதும் இதே கண்ணை நம்பித்தான். ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. ஸ்பெக்ட்ரமின் மையும் தாளும் நிறத்தோடு வெளிச்சத்தையும் சேர்த்தே கட்டிப்போடுகின்றன. ஜேபெக் வெளிச்சத்தைத் தனியாகப் பிரித்துக் காப்பாற்றுகிறது. ஜேபெக்கிலும் 8க்கு 8 கட்டம் வருகிறதே என்று துள்ளவும் வேண்டாம். ஸ்பெக்ட்ரமின் கட்டம் ஓர் எழுத்தின் அளவிலிருந்து வந்தது. ஜேபெக்கின் கட்டம் அதன் கணித உருமாற்றத்துக்கு ஆகும் செலவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. எண் ஒன்றுபட்டது தற்செயல். உருவத்தை நுணுக்கமாகவும் நிறத்தைப் பரும்படியாகவும் வைத்துக்கொள்ளும் கொள்கை ஒன்றுபட்டது தற்செயல் இல்லை.

அதே 1982இல் அமெரிக்காவில் வந்த கமடோர் 64இல் நினைவகம் 64 கிலோபைட். ஆனாலும் இதே நெருக்கடி இருந்தது. அதன் விக்-2 என்ற திரைச் சிப்பின் கண்ணுக்கு ஒரு நேரத்தில் 16 கிலோபைட் பகுதி மட்டுமே தெரியும். 320க்கு 200 பிக்சல், 16 நிறம் என்று கட்டுப்பாடின்றி வைத்தால் 32,000 பைட். சிப்பின் பார்வைக்குள் அது வராது. எனவே அங்கேயும் 8க்கு 8 கட்டம், கட்டத்துக்கு இரண்டு நிறம், மொத்தம் 9,000 பைட். நிறம் கூடுதலாக வேண்டும் என்கிறவர்களுக்கு இன்னொரு பாங்கு இருந்தது. அதில் பிக்சல்கள் இருமடங்கு அகலமாகி 160க்கு 200 ஆகும். 4க்கு 8 பிக்சல் கட்டம் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக மூன்று நிறம், திரை முழுமைக்கும் பொதுவான பின்னணி நிறம் ஒன்று. கோலாபேட் என்ற தொடுபலகையுடன் வந்த வரைநிரல் இந்தப் பாங்கில்தான் படம் சேமித்தது. கோலா கோப்பின் அளவு எப்போதும் 10,003 பைட்: நினைவகத்தில் எங்கே ஏற்ற வேண்டும் என்ற முகவரிக்கு 2, புள்ளிகளுக்கு 8,000, கட்டங்களின் நிறங்களுக்கு 1,000, இன்னொரு 1,000, பின்னணிக்கு 1. அந்த முகவரி 24,576 என்பதும், அதே எண் ஸ்பெக்ட்ரம் கணக்கில் மேலே வந்ததும் வெறும் வேடிக்கை. கட்டுப்பாடின்றி வைத்திருந்தால் 16,000 பைட் ஆகியிருக்கும் படம் இங்கே 10,000ஆகிறது. சுருக்க விகிதம் ஸ்பெக்ட்ரமைவிடக் குறைவு. அதற்கு ஈடாக நிறமோதலும் குறைவு. தரத்தைக் கூட்டினால் அளவு கூடும், அளவைக் குறைத்தால் தரம் குறையும் என்ற பேரம் இன்றைய கேமராக்களின் ஜேபெக் அமைப்பில் ஒரு தெரிவாக இருக்கிறது. அன்று அந்தப் பேரத்தைச் சிப் வடிவமைத்தவர் ஒரு முறை பேசி முடித்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் மாற்ற முடியாது.

இதை எப்படிச் சுருக்கம் என்று சொல்லலாம், மலிவாகக் கணினி செய்வதற்கான சிக்கனம் மட்டும்தானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்பெக்ட்ரமின் வன்பொருளை வடிவமைத்த ரிச்சர்ட் ஆல்ட்வாசருக்கு முன்னால் இருந்தவை விலை, நினைவகச் சிப்புகளின் எண்ணிக்கை, நொடிக்கு எத்தனை பைட் படிக்க முடியும் என்ற வரம்பு ஆகியவைதான். எழுத்துத் திரைகளில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிறக்குறிப்பு வைப்பது முன்பே பழக்கத்தில் இருந்தது. அதைப் படத்துக்கும் நீட்டினால் செலவு மிச்சம். ஆனால் நோக்கம் எதுவாயினும், விளைந்த அமைப்பு என்ன என்று பார்க்க வேண்டும். 1979இல் எட்வர்ட் டெல்ப், ராபர்ட் மிட்செல் என்ற இருவர் கறுப்பு வெள்ளைப் படங்களைச் சுருக்க ஒரு முறையை ஆய்விதழில் வெளியிட்டார்கள். படத்தை 4க்கு 4 கட்டங்களாகப் பிரி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே சாம்பல் அளவுகளைத் தேர்ந்தெடு, எந்தப் பிக்சலுக்கு எது என்று ஒரு பிட்டால் குறி. 1986இல் இதே உத்தி வண்ணப் படங்களுக்கு விரிவாக்கப்பட்டது: 4க்கு 4 கட்டம், 256 நிறப் பட்டியலிலிருந்து இரண்டு நிறம், பிக்சலுக்கு ஒரு பிட். இவற்றைச் சுருக்க முறைகள் என்று பாடநூல்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கட்டத்தின் அளவை மாற்றினால் இதுவேதான் ஸ்பெக்ட்ரமின் திரை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்தது என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை, அப்படிச் சொல்லவும் தேவையில்லை. ஒரே நெருக்கடியில் சிக்கிய இரண்டு கூட்டத்தார் ஒரே வழியாக வெளியே வந்திருக்கிறார்கள்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. சுருக்கம் என்றால் முதலில் சுருக்கப்படாத மூலம் ஒன்று இருக்க வேண்டும். ஸ்பெக்ட்ரமில் வரைந்தவர் கட்டத்துக்குள்தான் வரைந்தார், 24,576 பைட் கொண்ட மூலப்படம் எங்கேயும் இருந்ததில்லை, இல்லாததை எப்படிச் சுருக்குவது என்பது அது. இதற்கு இரண்டு விடைகள் சொல்லலாம். பல படங்களுக்கு மூலம் இருக்கத்தான் செய்தது. கேசட் உறையில் ஓவியர் தீட்டிய வண்ணப் படத்தைப் பார்த்து விளையாட்டின் முகப்புத் திரையை வரைந்தவர், எந்தக் கட்டத்தில் எந்த இரண்டு நிறத்தை வைத்தால் குறைவாக உறுத்தும் என்று கட்டம் கட்டமாக முடிவெடுத்தார். இன்று மென்பொருள் செய்கிற அதே தேர்வு அங்கே ஒரு மனிதரின் கையால் நடந்தது. அடுத்த விடை இன்னும் பொதுவானது. எந்த இழப்புச் சுருக்கமும், இருக்கக்கூடிய எல்லாப் படங்களிலிருந்தும் ஒரு சிறு தொகுப்பை எடுத்துக்கொண்டு, இவற்றை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும் என்று அறிவிக்கிறது. மூலத்தை அந்தத் தொகுப்பிலுள்ள நெருங்கிய படத்துக்கு இழுத்துவருவதுதான் சுருக்குதல். ஸ்பெக்ட்ரம் அந்தத் தொகுப்பைச் சிப்பில் பொறித்து வைத்தது. வரைகிறவரின் மனத்தில் இருந்த படம் அதற்குள் இழுத்து வரப்பட்டது.

இனி கோப்புக்கு வருவோம். சிப் அளவுக்கு இல்லாவிட்டாலும் கோப்பும் தன் பங்குக்குச் சுருக்க வேண்டியிருந்தது, காரணம் காத்திருப்பு. ஸ்பெக்ட்ரம் கேசட்டிலிருந்து ஒரு திரையை ஏற்ற ஏறக்குறைய 40 வினாடி ஆகும். முதலில் கறுப்பு வெள்ளையில் கோடு கோடாக உருவம் நிரம்பும். கடைசிச் சில வினாடிகளில் நிறம் மேலிருந்து கீழே சரசரவென்று பரவும், ஏனெனில் நிறத்துக்கு உரிய 768 பைட் மொத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். கமடோர் 64இன் 1541 வட்டு இயக்கி அதன் பெருஞ்சோம்பலுக்குப் பேர்போனது. ஒரு கோலா படத்துக்கு அரை நிமிட அளவு எடுத்துக்கொள்ளும். அந்த வட்டில் மொத்தம் 664 தொகுதிகள். ஒரு கோலா படம் 40 தொகுதியைப் பிடிக்கும். வட்டு ஒன்றுக்குப் பதினாறு படம். எனவே ஒரே பைட் அடுத்தடுத்து வந்தால், குறியீட்டுப் பைட் ஒன்று, அந்த மதிப்பு, எத்தனை முறை என்று மூன்று பைட்டில் எழுதிவிடும் சுருக்கக் கோலா வடிவமும் புழங்கியது. ஒரு மெகாஹெர்ட்ஸ் வேகச் செயலிக்கு இதைவிட நுட்பமான முறையைக் கொடுத்தால் வட்டில் மிச்சம் பிடித்த நேரத்தைப் பிரித்துப் படிப்பதில் இழந்துவிடும். இந்த எளிய முறையின் வெற்றியைத் தீர்மானித்ததும் சிப்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். கமடோரின் நினைவகத்தில் அடுத்தடுத்த எட்டுப் பைட்கள் திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரு கட்டத்தை நிரப்புகின்றன. நெடுக்காகப் போகும் கோடு நன்றாகச் சுருங்கும், குறுக்குக் கோடு அவ்வளவு சுருங்காது. ஸ்பெக்ட்ரமில் அடுத்தடுத்த பைட்கள் குறுக்காகப் போய், வரி முடிந்ததும் எட்டு வரி கீழே குதிக்கின்றன. ஒரே படம், ஒரே வழிமுறை, இரண்டு கணினியில் இரண்டு அளவு.

வன்பொருள் கோப்புக்கு உதவிய விதத்துக்கு மேக்பெயின்ட் மிக அழகான எடுத்துக்காட்டு. 1984 ஜனவரியில் மேகின்டாஷ் வந்தபோது அதன் திரையில் கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான்; சாம்பல்கூட இல்லை. பில் அட்கின்சன் எழுதிய மேக்பெயின்ட் வரைநிரலின் பக்கம் 576க்கு 720 பிக்சல், பிக்சலுக்கு ஒரு பிட், மொத்தம் 51,840 பைட். 400 கிலோபைட் ஃபிளாப்பியில் வேறெதுவும் இல்லாவிட்டாலும் ஏழு பக்கம் வைக்கலாம். கோப்பில் இதைச் சுருக்கிய பேக்பிட்ஸ் முறையும் திரும்ப வருவதை எண்ணும் முறைதான், சற்றுப் புத்திசாலித்தனமானது. ஒரு கட்டுப்பாட்டுப் பைட், ‘அடுத்து வருவதை இத்தனை முறை திருப்பிப் போடு’ என்றோ, ‘அடுத்த இத்தனை பைட்டையும் அப்படியே எடுத்துக்கொள்’ என்றோ சொல்லும். இரண்டிலும் உச்சம் 128. ஒரு வரி 72 பைட் என்பதால் வெறும் வரி 2 பைட்டில் முடிந்துவிடும். இதில் ரசிக்க வேண்டியது சாம்பல் நிறத்தை அது கையாண்ட விதம். மேகின்டாஷில் சாம்பல் என்பது கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை மாற்றி மாற்றி இட்டு ஏமாற்றுவது. அந்தப் புள்ளி வடிவங்கள் எல்லாம் 8க்கு 8 அளவு. எட்டுப் பிக்சல் என்றால் ஒரு பைட். ஆகவே எவ்வளவு சிக்கலான வடிவத்தை இட்டு நிரப்பினாலும் ஒரு வரியின் உள்ளே பார்த்தால் ஒரே பைட் திரும்பத் திரும்ப வருகிறது. கண்ணுக்குப் பொடிப்பொடியாகத் தெரிகிற செங்கல் சுவர் பேக்பிட்ஸுக்கு வெறுந்தாளைப் போலத்தான். அதே சாம்பலை, ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976இல் வெளியிட்ட பிழைபரப்பும் முறைப்படி ஒளிப்படத்திலிருந்து உருவாக்கினால் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறும், பேக்பிட்ஸ் கைவிரித்துவிடும். வரிக்கு ஒரு பைட் என்ற கணக்கில் கோப்பு பெருக்கவும் செய்யலாம். எம்எஸ்-டாஸ் கணினிகளில் ஜீசாஃப்ட் நிறுவனத்தின் பிசிஎக்ஸ் வடிவம் இதைவிட மோசம்: 192க்கு மேற்பட்ட மதிப்புகள் தனித்தனியே மாறி மாறி வந்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் ஆகி, படம் இருமடங்கு வீங்கும்.

வெறும் மேக்பெயின்ட் பக்கம் 51,840 பைட்டிலிருந்து 1,440 பைட்டாகிறதே, 36 மடங்கு, எந்தச் சிப் அதைச் செய்தது என்று இந்த இடத்தில் மடக்கலாம். மடக்கட்டும். 36 மடங்கு வெறுந்தாளுக்குக் கிடைத்தது. நிறைய வரைந்த பக்கத்துக்கு அது இரண்டாகலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். சிப்பின் சுருக்கத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. தொலைக்காட்சியின் மின்கற்றை நொடிக்கு 50 முறை திரை முழுவதும் ஓடுகிறது. ஒரு வரிக்கு 64 மைக்ரோவினாடி. அந்தக் கற்றை ஓரிடத்தை அடையும்போது அந்த இடத்தின் நிறம் தயாராக இருந்தே ஆக வேண்டும். முன்னால் வந்த பைட்களையெல்லாம் படித்துத்தான் இந்த இடத்தைச் சொல்ல முடியும் என்கிற முறை அங்கே உதவாது. எந்தக் கட்டத்தைக் கேட்டாலும் அது எங்கே இருக்கிறது என்று உடனே தெரிய வேண்டும். எந்தக் கட்டமும் ஒதுக்கிய பைட்டுக்கு மேல் கேட்கக் கூடாது. அளவு மாறாத சுருக்கம் என்ற இந்தக் கடுமையான நிபந்தனை 8 பிட் கணினிகளோடு போகவில்லை. முப்பரிமாண விளையாட்டுகளை வரையும் கிராஃபிக்ஸ் சிப்புக்கும் அதே தேவை: சுவரின் படத்திலிருந்து எந்த மூலையை எப்போது கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 1998இல் எஸ்3 நிறுவனம் கொண்டுவந்து மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் ஏற்றுக்கொண்ட முறையில், 4க்கு 4 கட்டம் ஒன்றுக்கு 16 பிட்டில் இரண்டு நிறங்கள், ஒவ்வொரு பிக்சலுக்கும் இரண்டு பிட். அந்த இரண்டு நிறங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட கலவைகளும் என நான்கில் எது என்பதை அந்த இரண்டு பிட் சொல்லும். மொத்தம் 8 பைட், எப்போதும் 8 பைட். ஸ்பெக்ட்ரமின் மையும் தாளும் பதினாறு ஆண்டுகள் கழித்துப் புது உடுப்பில் வந்து நிற்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது. எத்தனையோ மேலான சுருக்க முறைகள் அதற்குள் வந்துவிட்டன. அவற்றில் எதையும் எடுத்துக்கொள்ளாமல் இந்தப் பழைய உத்தியைத்தான் கிராஃபிக்ஸ் சிப் எடுத்துக்கொண்டது.

சிப்பே சுருக்கத்தைப் பிரிக்கும் கருவி என்ற கருத்து மிகத் துணிச்சலாக வெளிப்பட்டது 1985இல் வந்த அமிகாவில். அதன் 4,096 நிறங்களில் ஒன்றைச் சொல்ல 12 பிட் வேண்டும். ஹாம் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பாங்கு அதை 6 பிட்டில் முடித்தது. இரண்டு பிட் கட்டளை, நான்கு பிட் மதிப்பு: பதினாறு நிறப் பட்டியலிலிருந்து ஒன்றை எடு, அல்லது இடப்பக்கத்துப் பிக்சலின் நிறத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதில் சிவப்பை மட்டும், பச்சையை மட்டும், நீலத்தை மட்டும் மாற்று. 320க்கு 200 பிக்சல் படம் 96,000 பைட்டிலிருந்து 48,000 ஆகிறது. பக்கத்துப் பிக்சலிலிருந்து உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதும் உத்தி சுருக்கவியலில் பழையது. அதை நொடிக்குப் பல லட்சம் முறை ஒரு சிப் பிரித்துக் காட்டியது புதிது. நிறம் சட்டென்று மாறும் விளிம்பில் சரியான நிறத்தை எட்ட மூன்று பிக்சல்வரை பிடிக்கும் என்பதால் ஓரங்களில் வண்ணக்கசிவு தெரியும். ஸ்பெக்ட்ரமின் நிறமோதலுக்கு இது தம்பி முறை. அமிகாவின் படங்கள் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஜெர்ரி மாரிசன் வகுத்த ஐஎஃப்எஃப் வடிவத்தில் சேமிக்கப்பட்டன. அதற்குள் இருந்த சுருக்கம் மேகின்டாஷின் அதே பேக்பிட்ஸ். வழுவழுப்பான நிறப்பரப்பைச் சில நிறங்களில் வரைந்தால் அது நன்றாக வேலை செய்தது. ஹாம் பாங்கில் எடுத்த ஒளிப்படத்தைக் கொடுத்தால் அதிகம் பயனில்லை. சிப் ஏற்கெனவே பாதியாகப் பிழிந்துவிட்ட கரும்பில் கோப்புக்குச் சாறு கிடைக்கவில்லை.

1987 ஜூனில் கம்ப்யூசர்வ் நிறுவனத்தின் ஸ்டீவ் வில்ஹைட் குழுவினர் வெளியிட்ட ஜிஃப், கோப்பின் பக்கம் எடையைச் சாய்த்தது. ஏற்கெனவே வந்த பைட் தொடர்களையெல்லாம் அகராதியாகத் தொகுத்துக்கொண்டே போய், அடுத்த முறை அவற்றின் எண்ணை மட்டும் எழுதும் எல்இசட்டபிள்யூ முறை, வெறுமனே எண்ணிக்கை போடும் முறையை எளிதாக முந்தியது. நொடிக்கு 2,400 பிட் அனுப்பும் மோடத்தில் 64,000 பைட் படம் இறங்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும்; தொலைபேசிக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியாகக் குறைந்தால் அது காசு. ஆனால் அகராதியில் 4,096 பதிவுகள்வரை வைக்க வேண்டும். அதற்கே பத்துக் கிலோபைட்டுக்கு மேல் நினைவகம் போகும். 8 பிட் கணினிக்கு இது பெருஞ்செலவு. அதனால்தான் அங்கே எண்ணிக்கை முறையே நிலைத்தது. ஜிஃப்பும் இழப்பின்றிச் சுருக்குகிறது என்ற பெயரை ஓரளவுக்கு ஓசியில் பெற்றுக்கொண்டது. அதில் 256 நிறம்தான் இருக்க முடியும். லட்சக்கணக்கான நிறங்கள் கொண்ட ஒளிப்படத்தை 256 நிறத்துக்குள் அடக்கும் வேலை கோப்புக்கு வெளியே, அதற்கு முன்னால் நடந்தது. பால் ஹெக்பர்ட் 1982இல் விவரித்த முறை அதற்குப் பெரிதும் பயன்பட்டது. 256 என்ற வரம்பும் ஒரு பிக்சலுக்கு ஒரு பைட் வைத்திருந்த அக்காலத் திரைச் சிப்புகளோடு ஒத்துப்போவதுதான். 24 பிட் 8 பிட்டாகிய அந்த மூன்று மடங்கு இழப்பை யாரும் ஜிஃப்பின் கணக்கில் எழுதுவதில்லை. எல்இசட்டபிள்யூ மீதிருந்த யூனிசிஸ் காப்புரிமை 1994 இறுதியில் கிளப்பிய சண்டையும், அதிலிருந்து 1996இல் பிஎன்ஜி பிறந்ததும் தனிக் கதை.

இதெல்லாம் பழங்கணக்கு என்று தள்ளிவிட முடியாது. அந்தக் கோப்புகளைப் பாதுகாக்கிறவர்களுக்கு இதில் நேரடியான வேலை இருக்கிறது. சிப்தான் சுருக்கத்தைப் பிரித்தது என்றால், சிப் இல்லாமல் கோப்பு பாதிதான். கோலா கோப்பில் படத்தின் அகலம் எழுதப்படவில்லை, உயரம் எழுதப்படவில்லை, பிக்சல் இருமடங்கு அகலமானது என்பது எழுதப்படவில்லை. நிறம் என்று இருப்பது 0 முதல் 15 வரையிலான எண். 6 என்றால் நீலம். எவ்வளவு நீலம் என்பது விக்-2க்குத்தான் தெரியும். அந்தச் சிப்பின் முதல் வார்ப்புகளில் வெளிச்ச அளவுகள் ஐந்து, பின்னால் வந்தவற்றில் ஒன்பது. ஒரே கோப்பு இரண்டு பெட்டியில் இரண்டு விதமாகத் தெரியும். ஐஎஃப்எஃப் கோப்பு இந்த வகையில் முன்யோசனை உள்ளது; படத்தின் அளவு, நிறப் பட்டியல், திரைப் பாங்கு எல்லாம் பெயரிட்ட துண்டுகளாக உள்ளேயே இருக்கின்றன, தெரியாத துண்டைத் தாண்டிச் செல்லலாம். பிஎன்ஜியும் இதே துண்டு முறையில்தான் அமைந்திருக்கிறது. ஆனால் பழைய வட்டுகளிலும் கேசட்டுகளிலும் கிடப்பவற்றில் பெரும்பகுதி தலைப்பே இல்லாத கோப்புகள். அவற்றைப் பிஎன்ஜியாக மாற்றிவிட்டு மூலத்தை அழித்துவிடுகிறவர்கள், மினுக்கும் கட்டங்களையும், மையும் தாளும் ஒரே நிறமானதால் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் வரைவுகளையும், எந்தக் கட்டத்தில் எந்த நிறத்தை விட்டுக்கொடுத்தார் என்ற ஓவியரின் முடிவுகளையும் சேர்த்தே அழிக்கிறார்கள். மாற்றிய படம் பார்ப்பதற்கு இருக்கட்டும். மூலக் கோப்பை ஒரு பைட் குறையாமல், அது எந்தக் கணினியில் எந்த நிரலால் எழுதப்பட்டது என்ற குறிப்போடு சேர்த்து வைப்பதுதான் பாதுகாப்பு.